விடியுமுன் வேலைக்குப் போகிறவனுக்கும் ஒரு கச்சேரி!

கலை யாருக்கு?

கேட்டுப் பாருங்கள், ஒரே குரலில் பதில் வரும்: "அனைவருக்கும்!" வாய்ச்சொல்லில் வாரி வழங்கும் வள்ளல்களுக்கு உலகிலே என்றுமே பஞ்சமில்லை. ஆனால் கச்சேரி தொடங்கும் நேரத்தைப் பாருங்கள். நுழைவுச் சீட்டின் விலையைப் பாருங்கள். முன்வரிசையிலே அமர்ந்திருப்பது யார் என்று பாருங்கள். கலை யாருக்கு என்ற கேள்விக்கு உண்மையான விடை மேடையிலே இல்லை. சீட்டு விற்கிறார்களே, அந்தச் சன்னலிலே இருக்கிறது!

நள்ளிரவிலே களைகட்டும் கச்சேரி யாருக்கு ஏற்றது? பகல் பத்து மணிக்குச் சோம்பல் முறித்து எழுபவனுக்கு! விடியுமுன் எழுந்து, சோற்றுத் தூக்கைக் கையிலே பிடித்து, சங்கு ஊதுமுன் வாயிலைத் தாண்டியாக வேண்டுமே, அவன் என்ன செய்வான்? இசை அவன் காதிலே விழக்கூடாது என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. சட்டம் கூறாததைக் கடிகாரம் கூறிவிடுகிறது. கடிகாரம் விட்டுவைத்ததைக் காசு தடுத்துவிடுகிறது.

இந்த அநீதியைக் கண்டு, பேச்சோடு நின்றுவிடாமல், கொட்டகையை வாடகைக்குப் பிடித்து விடை கண்ட மூன்று இளைஞர்களைப் பற்றித்தான் இன்று நாம் எழுதுகிறோம். அவர்கள் பட்டம் சூடிய வித்வான்கள் அல்லர். பரம்பரைப் பாடகரும் அல்லர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, சான் பெட்ரோ என்னும் துறைமுக ஊரிலே, 'பங்க் ராக்' இசைக் குழு நடத்தியவர்கள். குழுவின் பெயர் மினிட்மென். 1980இல் தொடங்கி 1985இல் முடிந்தது அதன் வாழ்வு.

'பங்க்' என்றதும் முகம் சுளிப்போர் உண்டு. "கூச்சல்! காட்டுக் கத்தல்!" என்பர். இருக்கட்டும். அந்தக் கூச்சல் ஏன் எழுந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்? 1970களிலே ராக் இசை பெரும் வணிகமாகிவிட்டது. பல்லாயிரம் பேர் அமரும் மைதானம், வண்டி வண்டியாய் விளக்குகள், தனி விமானத்திலே வந்திறங்கும் பாடகர்! கேட்பவனுக்கும் பாடுபவனுக்கும் இடையே பத்து ஆள் உயரத்துக்குச் சுவர். அந்தச் சுவரை நியூயார்க்கிலும் லண்டனிலும் சில இளைஞர்கள் உடைத்தார்கள். "மூன்று சுருதிக் கட்டு தெரியுமா? போதும், ஏறு மேடையிலே!" என்றார்கள். 'பங்க்' என்பது ஆங்கிலத்திலே வசைச்சொல். போக்கிரி, உதவாக்கரை என்று பொருள். ஏசியவன் வீசிய அந்தச் சொல்லையே எடுத்து மார்பிலே பட்டயமாகக் குத்திக்கொண்டார்கள்.

மினிட்மென் பிறந்த மண்ணும் சாதாரண மண் அல்ல. சான் பெட்ரோ, கப்பலிலே சரக்கேற்றி இறக்கும் உழைப்பாளிகளின் ஊர். 1923இல் அங்கே துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேர் ஒரு மேட்டிலே ஏறி நின்று பேச முற்பட்டார். பேசினாரா? நாட்டின் அரசியல் சட்டம் தந்த உரிமைகளைப் படித்தார், அவ்வளவே! கைது செய்தார்கள். சட்டத்தைப் படித்ததே குற்றம்! 1934இல் மேற்குக் கடற்கரை முழுவதும் துறைமுகத் தொழிலாளர் எழுந்தனர். 83 நாள் நடந்தது அந்தப் போராட்டம். சான் பெட்ரோவிலே துப்பாக்கிக் குண்டுக்குத் தொழிலாளர் உயிர் பலியாயிற்று. இரத்தம் சிந்திச் சங்கம் கண்ட ஊர் அது.

அந்த ஊரிலேதான் டி. பூன் என்ற சிறுவனும் மைக் வாட் என்ற சிறுவனும் வளர்ந்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கடற்படைப் பாசறையை வீடுகளாக்கி விட்டிருந்தார்களே, அதிலே பூன் குடும்பம் வாழ்ந்தது. வாட்டின் தந்தை கடற்படைச் சிப்பாய். பதின்மூன்று வயதிலே, ஊர்ப் பூங்காவிலே, மரத்தின் மேலிருந்து பூன் குதித்தான். குதித்தது வாட்டின் எதிரே! அன்று தொடங்கிய நட்பு, சாவு வந்துதான் பிரித்தது.

இசைக்குழு யோசனை யாருடையது? பூனின் தாயாருடையது! பள்ளி விட்டதும் பிள்ளைகள் தெருவிலே சுற்றி வம்பிலே மாட்டக்கூடாது. வீட்டிலே இருந்து வாத்தியம் வாசிக்கட்டும் என்று அந்தத் தாய் எண்ணினாள். "நீ கிதார் வாசி, உன் நண்பன் பாஸ் வாசிக்கட்டும்" என்றாள். பாஸ் என்றால் என்ன வாத்தியம் என்றே வாட்டுக்குத் தெரியாது! நான்கு தந்தி என்று மட்டும் கேள்வி. ஆகவே, சாதாரணக் கிதாரிலே நான்கு தந்தி மாட்டி வாசித்துக் கொண்டிருந்தான். சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் இல்லாமையிலிருந்து எழுந்த கலையெல்லாம் இப்படித்தான் எழுந்திருக்கிறது. எல்லாம் வந்து சேரட்டும் என்று காத்திருந்தவன், காத்துக்கொண்டே இருக்கிறான்!

1980இல் குழு பிறந்தது. சில மாதங்களில் டிரம்ஸ் வாசிக்க ஜார்ஜ் ஹர்லி வந்து சேர்ந்தார். முதல் இசைத்தட்டிலே ஏழு பாட்டு. ஏழும் ஏழு நிமிடத்துக்குள்! 1981இல் வந்த தட்டிலே பதினெட்டுப் பாட்டு. மொத்தம் பதினைந்து நிமிடம்! பல்லவியை நாலு முறை திருப்பி, நடுவிலே வாத்திய வித்தை காட்டி இழுத்தடிக்கும் வேலையே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள், நிறுத்தினார்கள்.

தோழர்களே, இவர்கள் வாத்தியம் வாசித்த முறையிலேகூட ஒரு கொள்கை இருந்தது. ராக் இசையிலே கிதார்தான் பிரபு. பாஸும் டிரம்ஸும் பின்னால் நின்று பல்லக்குத் தூக்கும். பூன் என்ன செய்தார்? தம் கிதாரின் கனத்த ஒலியை வேண்டுமென்றே குறைத்து, மெல்லிய கூர்மையான ஒலியை மட்டும் வைத்துக்கொண்டார். கீழ்த்தளம் முழுவதும் பாஸுக்கும் டிரம்ஸுக்கும் விட்டுக் கொடுத்தார். மூன்று பேர், மூன்று குரல், ஒருவர் தோளிலே மற்றவர் ஏறவில்லை. சமத்துவத்தைப் பாட்டிலே பாடுவோர் ஆயிரம் பேர் உண்டு; வாத்தியத்தைப் பிடித்த பிடியிலேயே காட்டியவர்களைக் காண்பது அரிது!

அவர்களுடைய வாழ்க்கைக்கு அவர்களே வைத்துக்கொண்ட சொல் ஒன்று உண்டு: 'எகோனோ'. சிக்கனம் என்று பொருள். பகலிலே வேலை, பிறகு ஒத்திகை. ஒலிப்பதிவுக் கூடத்திலே பகல் வாடகை அதிகமா? சரி, ஊர் உறங்கும் நேரத்திலே போய்ப் பதிவு செய்தார்கள். புதிய நாடா விலை அதிகமா? ஒருமுறை பயன்படுத்திய நாடாவை வாங்கினார்கள். வெட்டி ஒட்டக் கூலி கேட்கிறார்களா? தட்டிலே வரும் வரிசையிலேயே பாடிப் பதிந்தார்கள், வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்! 1984இல் வந்த 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்' என்ற இரட்டை இசைத்தட்டிலே நாற்பதுக்கு மேற்பட்ட பாட்டுகள். அதற்கான செலவு சுமார் 1,100 டாலர்தான். அமெரிக்க ராக் இசையின் சிறந்த படைப்புகளில் ஒன்று என்று விமர்சகர்கள் இன்றும் அதைப் போற்றுகின்றனர்.

வெளியூர்க் கச்சேரியா? ஒரு வேன். வாத்தியமும் அதிலே, ஆளும் அதிலே. ஒலிபெருக்கியைத் தூக்கக் கூலியாள் கிடையாது. தூக்கியவரே மேடையிலே வாசித்தார், வாசித்தவரே மறுபடி தூக்கி வண்டியிலே ஏற்றினார். வியர்வை காயுமுன் அடுத்த ஊருக்குப் பயணம்.

இதைச் சொல்லி வறுமைக்கு வாழ்த்துப்பா பாடுகிறோம் என்று யாரும் எண்ணிட வேண்டாம். ஏழையாயிரு, அதுவே பெருமை என்று உபதேசிப்பவன், ஏழையின் நண்பன் அல்லன். இவர்கள் சிக்கனம் பிடித்தது எதற்காக? கடன் வாங்காமல் இருக்க! கடன் கொடுத்தவன்தான் நாளை வந்து, "இந்தப் பாட்டைப் பாடாதே, அந்தச் சொல்லை நீக்கு" என்பான். மத்திய அமெரிக்க நாடுகளிலே தம் அரசு தலையிடுவதைக் கண்டித்துப் பாடினார்கள். பாட்டாளியின் பாட்டைப் பாடினார்கள். தடுக்க எந்த முதலாளிக்கும் வழியில்லை. ஏன்? அவர்கள் எவனுக்கும் பாக்கி வைக்கவில்லை!

இன்னொன்றும் கேளுங்கள். உலகத்துச் செயல்களையெல்லாம் இரண்டே வகையாகப் பிரித்தார்கள் இவர்கள். ஒன்று கச்சேரி. மற்றதெல்லாம் துண்டறிக்கை! பத்திரிகைப் பேட்டி, புகைப்படம், இசைத்தட்டு கூட, மக்களைக் கச்சேரிக்கு அழைக்கும் துண்டறிக்கைதான் என்றனர். சுவரொட்டிக்குப் பசை காய்ச்சி, கொட்டும் பனியிலே ஒட்டி, கூட்டம் சேர்த்துப் பழகிய நம் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆளும் ஆளும் நேருக்கு நேர் நிற்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற பாடெல்லாம்!

பூன் ஒரு சிற்றேடும் நடத்தினார். அதன் பெயரே 'பாட்டாளி' என்று பொருள்படும். 1985இல் கச்சேரிகளிலே வாக்குச்சீட்டு வழங்கினார்கள், "அடுத்த தட்டிலே எந்தப் பாட்டுகள் வேண்டும்? நீங்களே தேர்ந்தெடுங்கள்" என்று! கேட்க வந்தவனை வாக்காளனாக்கிப் பார்த்தார்கள்.

இனி, நாம் தொடக்கத்திலே கூறிய கொட்டகைக்கு வருவோம். சான் பெட்ரோவிலே ஸ்டார் தியேட்டர் என்று ஒரு பழைய படக்கொட்டகை. பூன் அதை வாடகைக்கு எடுத்தார். பெயரை மாற்றினார். என்ன பெயர்? யூனியன் தியேட்டர்! சங்கக் கொட்டகை! அங்கே கச்சேரிகள் முன்னிரவிலேயே தொடங்கின. மறுநாள் வேலைக்குப் போகிறவன் கேட்டு மகிழ்ந்து, நேரத்தோடு வீடு திரும்பி, உறங்கி எழ வேண்டும் என்பதற்காக! உழைப்பாளியின் வாழ்விலே இசையும் ஓவியமும் இருக்க வேண்டும். அதற்காக அவன் வேலையை விட்டு, குடித்துக் கூத்தாடும் ராக் பிரபுவின் வேடம் போட வேண்டியதில்லை. இதுவே பூனின் எண்ணம் என்று வாட் பின்னாளில் எடுத்துரைத்தார்.

எத்தனை சிறிய மாற்றம்! தொடங்கும் நேரத்தை முன்னே தள்ளினார், அவ்வளவே. அந்தச் சின்னஞ்சிறு செயலிலே, "உன்னை எண்ணித்தான் இந்த மேடை" என்று தொழிலாளியின் தோளிலே கை வைத்துச் சொன்ன அன்பு இருக்கிறதே, அதை எந்த மாளிகையிலே காண முடியும்?

பூமாலையே விழுந்தது என்று நாம் கதைக்கவில்லை. 1983இல் பிளாக் ஃபிளாக் என்ற குழுவுடன் ஐரோப்பா சென்றபோது, கூட்டத்திலே பலர் இவர்கள் மீது எச்சில் உமிழ்ந்தனர். பங்க் என்றால் முடி இப்படி, உடை இப்படி, தாளம் இப்படி என்று அதற்குள்ளும் ஆசாரம் புகுந்துவிட்டது! பருத்த உடலும் சாதாரணச் சட்டையுமாக மேடையிலே துள்ளிக் குதித்த பூன், அந்த ஆசாரத்துக்குப் பொருந்தவில்லை. ஆசாரத்தை எதிர்த்து எழுந்த இடத்திலேயே புதிய ஆசாரம் முளைத்தால், அதையும் எதிர்த்து நிற்கத்தான் வேண்டும். நின்றார்கள், வாசித்தார்கள்.

அந்த இரட்டை இசைத்தட்டின் பெயரிலே ஒரு கிண்டல் உண்டு. மணிக்கு 55 மைல் வேகத்துக்குள் என்னால் கார் ஓட்ட முடியாது என்று பணம் கொழித்த ராக் பாடகர் ஒருவர் அந்நாளிலே பாடினார். சாலையிலே பறப்பதா வீரம்? நாங்கள் பாட்டிலே பறக்கிறோம், காரைச் சட்டப்படி ஓட்டுகிறோம் என்று பதில் கொடுத்தார்கள் இவர்கள். அட்டைப்படத்திலே வாட் கார் ஓட்டுகிறார். வேகம் காட்டும் முள் 55இலே நிற்கிறது. பெயரிலே வரும் 'டைம்', 10ஆம் எண் நெடுஞ்சாலையைக் குறிக்கும் லாரி ஓட்டுநர்களின் வழக்குச்சொல்.

அதே 10ஆம் எண் நெடுஞ்சாலையிலே, 1985 டிசம்பர் 22 அன்று, அரிசோனா பாலைவனத்திலே, பூன் படுத்திருந்த வேன் சாலையை விட்டு விலகியது. காய்ச்சலோடு பின்புறம் படுத்திருந்தார் அவர். தூக்கி எறியப்பட்டு மாண்டார். வயது இருபத்தேழு. அந்த மாதத்திலேதான் ஆர்.இ.எம். என்ற புகழ்பெற்ற குழுவுடன் ஊர் ஊராகச் சென்று வாசித்துத் திரும்பியிருந்தனர். பெருங்கூட்டம் காதுகொடுக்கத் தொடங்கிய வேளை!

வாட் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டார். மரத்திலிருந்து குதித்து வந்த நண்பன் மண்ணுக்குள் போன பின், யாருக்காக வாசிப்பது? ஓஹையோ மாநிலத்திலிருந்து எட் கிராஃபோர்ட் என்ற இளைஞர், ஒரு ரசிகர், சான் பெட்ரோவுக்கே வந்து நின்றார். "வாசியுங்கள்" என்றார். வாட், ஹர்லி, கிராஃபோர்ட் மூவரும் 1986இல் ஃபயர்ஹோஸ் என்ற குழுவைத் தொடங்கினர். தலைவாசலைத் திறந்து வைத்தவர்களைத் தேடி, அந்த வாசல் வழியே வந்தவனே தோள் கொடுத்தான்.

மெக்சிகோவின் ஏழ்மையைக் கண்டு பூன் எழுதிய 'கொரோனா' என்ற பாட்டின் இசையை, 2000இல் அமெரிக்கத் தொலைக்காட்சி, முரட்டுக் குறும்புகளைக் காட்டும் நகைச்சுவைத் தொடர் ஒன்றுக்கு முகப்பிசையாக்கியது. இலட்சக்கணக்கானோர் கேட்டுச் சிரித்தனர். காலிப் புட்டிக்குக் கிடைக்கும் சில்லறையை எண்ணி வாழும் ஏழையை நினைத்து எழுந்த இசை அது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவர்! சந்தை எதையும் எடுத்துக்கொள்ளும். பொருளை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போகும்.

ஆகவேதான் பொருளை நாம் எடுத்து வைக்கிறோம். பாடுகிறவன் தன் வாத்தியத்தைத் தானே தூக்கினால், எவனுக்கும் தலைவணங்க வேண்டியதில்லை. பாக்கி இல்லாதவன் பாட்டிலே பயம் இல்லை. மேடை போடுகிறவன், கேட்பவனின் வேலை நேரத்தைக் கேட்டறிந்து மேடை போட வேண்டும்.

கலை அனைவருக்கும் என்று இனி யாரேனும் உம்மிடம் மேடையேறி முழங்கினால், தோழரே, கைதட்டுமுன் ஒன்று கேளும்: "கச்சேரி எத்தனை மணிக்கு? சீட்டு என்ன விலை?"