சிற்றுரு ரயிலுக்கு உறுப்புச் செய்தல்

இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்துப் பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ தொழிற்சாலை, 1938-ஆம் வருஷத்தில் ஹார்ன்பி டப்ளோ என்ற பெயரில் சிறிய மின்சார ரயில் வண்டிகளை வெளியிட்டபோது, ஒரு மேஜையின் பரப்புக்குள்ளேயே இருப்புப்பாதையும் நிலையமும் கைகாட்டியும் அமைத்து ரயில் ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை அந்நாட்டுச் சாதாரண இல்லங்களிலும் குடிபுகுந்தது. மெக்கானோவை ஸ்தாபித்த ஃபிராங்க் ஹார்ன்பி அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் பெயரை மட்டும் அந்த வண்டிகள் சுமந்தன. 1964-இல் கம்பெனி கைமாறியது. 1979-இல் பின்ஸ் ரோட்டுத் தொழிற்சாலையே மூடப்பட்டது. ஆனால் அங்கே பிறந்த எஞ்சின்கள் இன்றும் பலருடைய அலமாரிகளில் இருக்கின்றன; எண்ணெய் இட்டு, துடைத்து, 12 வோல்ட் மின்சாரம் பாய்ச்சினால் அவற்றுள் பெரும்பாலானவை ஓடவும் செய்கின்றன. ஓடாதவற்றை ஓடச் செய்வது எப்படி என்பதும், கடையில் கிடைக்காத உறுப்பை வெறும் தகட்டிலிருந்தும் கம்பியிலிருந்தும் உண்டாக்குவது எப்படி என்பதுமே இக்கட்டுரையின் விஷயம்.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த ஜாதி வண்டிகளில் அசல் ரயிலின் ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்பது பிரமாணம். அதாவது அசலில் 76.2-இல் ஒரு பங்கு. ஆறடி விட்டமுள்ள சக்கரம் 24 மில்லிமீட்டராகச் சுருங்கும். முக்கால் அங்குலக் கைப்பிடிக் கம்பி கால் மில்லிமீட்டராகிவிடும். இந்தக் கணக்கின்படி தண்டவாளங்களின் இடைவெளி 18.83 மில்லிமீட்டர் இருக்கவேண்டும்; ஆனால் பழைய சம்பிரதாயத்தை ஒட்டி 16.5 மில்லிமீட்டரே வைத்தார்கள். ஆகையால் அசல் ரயிலின் வரைபடத்தை மட்டும் பார்த்து அச்சும் சக்கரமும் செய்கிறவன் ஏமாந்துபோவான். வெளித்தோற்றத்துக்கு அசல் ரயிலே ஆதாரம். இயங்கும் பாகங்களுக்குக் கையிலுள்ள பொம்மையே ஆதாரம். இந்தப் பேதத்தை மனத்தில் வாங்கிக்கொண்டவனுக்கு மேலே வரும் வேலைகளில் பாதி சுலபமாகிவிடும்.

உடைந்த உறுப்பே புதிய உறுப்புக்கு வரைபடம் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. முறிந்த துண்டுகளைச் சமதளத்தில் பொருத்தி வைத்து, வெர்னியர் காலிப்பரால் அளந்து, காகிதத்தில் குறித்துக்கொண்டால் தேவையான அளவுகள் அனேகமாக எல்லாம் கிடைத்துவிடும். ஆனால் இவ்விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய பொம்மை ரயில்களில் துத்தநாகக் கலவையால் வார்த்த பாகங்கள் ஏராளம். அக்கலவையில் ஈயமோ காட்மியமோ வெள்ளீயமோ லட்சத்தில் சில பங்கு அதிகமாகக் கலந்துவிட்டால், பல ஆண்டுகளுக்குப் பிறகு உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு ஊடுருவி, மேற்பரப்பில் கோடு கோடாக வெடிப்புத் தோன்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பாகம் முழுவதுமே உதிர்ந்துபோகும். ஈரக் காற்று இதை விரைவுபடுத்தும். 99.99 சதவிகிதச் சுத்தமான துத்தநாகத்தைக் கொண்டே கலவை செய்யவேண்டும் என்பது 1920-களின் இறுதிக்குள் தெரிந்துவிட்ட சங்கதிதான்; ஆயினும் வார்ப்படச்சாலையில் ஓர் ஈயத்துண்டு தவறி உலையில் விழுந்தாலும் போதும், அன்றைய வார்ப்பு முழுவதும் பாழ்.

இந்த வியாதிக்குச் சிகிச்சை கிடையாது. பசை போட்டு ஒட்டினாலும் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும். அதைவிடச் சூக்ஷ்மமான தொல்லை வேறொன்று இருக்கிறது. நோயுற்ற பாகம் மழைக்காலத்து மரக்கதவைப்போல் வீங்குகிறது. நீளமும் அகலமும் கூடிவிடுகின்றன. ஆகவே அதை அளந்து அதேபடி புதிதாகச் செய்தால் அது பொருந்தவே பொருந்தாது. அத்தகைய இடத்தில், அதனோடு இணைந்திருந்த ஆரோக்கியமான பாகங்களை அளந்து, அவற்றின் திருகுத் துளைகளுக்கு நடுவேயுள்ள தூரத்திலிருந்து சரியான அளவை ஊகித்துக்கொள்ளவேண்டும்.

உறுப்புகளைப் புதிதாகச் செய்வதில் மிகவும் ரஸமான வேலை, சக்கரங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இணைப்புத் தண்டைச் செய்வதுதான் என்பது என் அபிப்பிராயம். பார்வைக்கு இரண்டு முனையிலும் துளையுள்ள ஒரு சிறு பட்டை. ஆனால் துளைகளின் இடைவெளி, அச்சுகளின் இடைவெளிக்கு மயிரிழை பிசகினாலும் எஞ்சின் நொண்டும். அச்சுகளின் மையத்தை நேரே அளக்க முடியாது. ஆதலால் சம கனமுள்ள இரண்டு அச்சுகளின் வெளிப்பக்கத்துக்கு வெளிப்பக்கம் அளந்து, அதிலிருந்து ஓர் அச்சின் விட்டத்தைக் கழிக்கவேண்டும். கிடைப்பதே மைய இடைவெளி. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த ஜெர்மன் சில்வர் தகட்டில் இரண்டு பட்டைகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஈயப்பற்று வைத்து ஒரே துண்டாக்கி, துளையையும் ஒரே தடவையில் இட்டு, நகைவேலைக்காரர்களின் மெல்லிய வில்லரம்பத்தால் உருவம் அறுத்து, அரத்தால் ராவி முடித்த பின்பு, சூடு காட்டிப் பிரித்தால், வலப்பக்கத் தண்டும் இடப்பக்கத் தண்டும் வித்தியாசமில்லாமல் அமைந்துவிடும். எத்தனை பழகிய கையானாலும் தனித்தனியே செய்து இந்த ஒற்றுமையை அடைவது துர்லபம்.

தண்டுகளைப் பூட்டும்போது இன்னொரு சங்கதியைக் கவனிக்கவேண்டும். அசல் நீராவி எஞ்சினில் ஒரு பக்கத்துத் தண்டு முன்பின் நகர்ச்சியின் எல்லையில் வலுவற்று நிற்கும் கணத்தில் மறுபக்கத்துத் தண்டு முழு வலுவோடு தள்ளும்படி, இருபுறத்துச் சக்கரங்களின் முளைகளும் 90 டிகிரி வேறுபட்டிருக்கும். சிற்றுருவிலும் அப்படியே வைக்கிறோம். இதில் கோணம் ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் பெரிய ஹானியில்லை. எல்லா அச்சிலும் ஒரே அளவாக இருப்பதுதான் இன்றியமையாதது. ஓர் அச்சு மட்டும் மாறுபட்டால், நீங்கள் எவ்வளவு எண்ணெய் இட்டாலும் வண்டி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை திக்கும்.

புகைபோக்கி, மணி, விளக்கு முதலிய வளைவுள்ள உருவங்களைத் தகட்டில் வெட்டி எடுக்க இயலாது. நல்ல நிலையிலுள்ள ஒன்று கைக்குக் கிட்டினால், சிலிக்கோன் ரப்பரில் அதன் அச்சை எடுத்து, பிசின் ஊற்றிப் படி செய்யலாம். பித்தளையிலேயே வேண்டுமானால், மெழுகில் உருச் செய்து, மேலே அச்சு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கவேண்டும். சுவாமிமலை ஸ்தபதிகள் விக்கிரகம் வார்க்கும் அதே தத்துவம். உலோகம் குளிரும்போது சுருங்குமாதலால் மூல உருவைச் சற்றுப் பெரிதாகவே அமைப்பது வழக்கம். இப்போது கணினியில் வரைந்து பிசினில் அச்சிடும் யந்திரங்களும் வந்துவிட்டன. அவை அலங்கார உறுப்புகளுக்கு மிகவும் உபயோகமானவை. ஆனால் இணைப்புத் தண்டும் பல்சக்கரமும் போன்ற, உராய்வையும் இழுவிசையையும் தாங்கவேண்டிய உறுப்புகளுக்கு நான் இன்னும் உலோகத்தையே சிபாரிசு செய்வேன்.

மூல உறுப்பே தொலைந்துபோய், பார்த்து அளக்க மாதிரியும் இல்லாதபோது, புகைப்படம் கைகொடுக்கும். பக்கவாட்டில் நேராக எடுத்த படத்தில் சக்கரத்தின் விட்டம் நமக்குத் தெரிந்த அளவு; அதையே அளவுகோலாகக் கொண்டு மற்றவற்றைக் கணக்கிடலாம். பிரிட்டிஷ் எஞ்சின்களுக்கு யார்க் நகரத்துத் தேசிய ரயில்வே மியூசியத்தில் தொழிற்சாலை வரைபடங்களே பாதுகாக்கப்பட்டுள்ளன. கடையில் வாங்காமல் கையால் செய்துகொள்ளும் இந்த மரபுக்கு ஜான் அஹெர்ன் என்பவர் சிறந்த முன்னோடி. அவர் 1930-களில் தொடங்கிக் கட்டிய மேடர் வேலி என்ற கற்பனை ரயில்வே, ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரில் உள்ள பெண்டன் மியூசியத்தில் இன்றும் காப்பாற்றப்பட்டு வருகிறது. எஞ்சின் கட்டும் முறையைப் பற்றி அவர் புத்தகமும் எழுதினார்.

புதிதாகச் செய்த உறுப்பின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், செய்த வருஷத்தைக் கீறி வைப்பது நேர்மையான பழக்கம். பின்னால் அந்த வண்டி யார் கைக்குப் போனாலும், எது பின்ஸ் ரோட்டில் பிறந்தது, எது பிறகு சேர்ந்தது என்று அவர் தெரிந்துகொள்ளலாம். இந்த வேலையில் இறங்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எஞ்சினிலிருந்து கழன்று விழும் எந்தத் துணுக்கையும், அது எவ்வளவு உபயோகமற்றதாகத் தோன்றினாலும், எறிந்துவிடாதீர்கள், ஒரு சிறு டப்பியில் போட்டு, எந்த வண்டியில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று சீட்டு எழுதி ஒட்டி வையுங்கள்.