வீட்டுச் சுவரும் ஊர் விதியும்



"என் மனை, என் சுவர். இடிந்தால் நானே கட்டிக்கொள்கிறேன். கேட்பதற்கு நகராட்சி யார்?" இவ்வினா நம் தெருக்களில் அடிக்கடி எழுவது. இதனை வெறும் வீம்பு என்று தள்ளிவிடுவதற்கில்லை. உழைத்துச் சேர்த்த பொருளில் பிறர் தலையிடுவதை எவர்தாம் விரும்புவர்? ஆயினும் ஒரு செய்தியை எண்ணிப் பார்த்த பின்னரே இதற்கு விடை கூறுதல் தகும்.

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் பொழுது புலருமுன், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், தனியார் ஒருவரது வீட்டின் உயர்ந்த மதில் பெருமழையில் சரிந்து விழுந்தது. மதிலை ஒட்டியிருந்த எளிய வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் உயிரிழந்தனர். அம்மதிலைப் பற்றி முன்னரே முறையிட்டிருந்ததாக அங்குள்ள மக்கள் கூறினர். இறந்தவர்களுள் ஒருவரும் அதற்கு உடையவர் அல்லர். அதைச் செப்பனிடவோ இறக்கவோ அவர்களுக்கு உரிமை இல்லை. அதன் கீழே வாழ்வது மட்டுமே அவர்கள் பங்காயிற்று. இத்தகைய நிலையில் உள்ளவர்க்குச் சட்டம் காட்டும் வழி யாது என்பதையே இன்று விளக்க விரும்புகிறேன்.

சென்னை மாநகருக்கு 1919-ஆம் ஆண்டுச் சட்டமும், ஏனைய நகராட்சிகளுக்கு 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும் நூறாண்டுக்கு மேல் வழங்கி வந்தன. 1998-இல் இயற்றப்பட்டு நெடுங்காலம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து அவற்றின் இடத்தைப் பெற்றது. பழைய சட்டங்களை வகுத்தவர்கள் எவ்வளவு நுணுக்கமாக எண்ணினர் என்பது வியப்பளிக்கும். சாய்ந்த சுவர், விழும் நிலையிலுள்ள மரம், கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, தெருவில் நீண்டு வளரும் வேலி, வெள்ளையடிக்கப்படாத வீடு ஆகிய அனைத்தும் அவற்றில் இடம்பெற்றிருந்தன.

அச்சட்டங்கள் அமைத்த முறை இது. ஒரு கட்டடம் வழிப்போக்கர்க்கோ அண்டை வீட்டார்க்கோ ஆபத்து விளைக்கும் என்று அதிகாரி கருதினால், உடையவருக்கோ குடியிருப்பவருக்கோ எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்புவார். அடைத்து வைக்கவோ, முட்டுக் கொடுக்கவோ, பழுது பார்க்கவோ, இறக்கிவிடவோ அதில் கூறப்படும். அதற்குத் தவணையும் குறிக்கப்படும். தவணை கடந்தும் வேலை நடவாவிடின், நகராட்சியே அதனைச் செய்து முடித்துச் செலவை அவரிடம் வசூலிக்கும். ஆபத்து உடனடியானதெனில் அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டுவதில்லை. அதிகாரியே முன்வந்து சுவரை இறக்கவும், தெருவின் ஒரு பகுதியை அடைக்கவும் வழி செய்யப்பட்டிருந்தது. தண்டிப்பதைவிட ஆபத்தை நீக்குவதே இம்முறையின் முதல் நோக்கம் என்பதைக் கவனியுங்கள்.

வாடகைக்கு இருப்பவர் நிலை என்ன என்று நீங்கள் கேட்கலாம். உடையவர் செலுத்த வேண்டிய தொகையைக் குடியிருப்பவர் செலுத்த நேர்ந்தால், அதை வாடகையில் கழித்துக்கொள்ள அச்சட்டங்கள் இடமளித்தன. இதனை அறிந்திருந்த குடித்தனக்காரர் எத்தனை பேரோ!

சுவர் எப்பொழுது ஆபத்தானது? இதை அறியப் பொறியியல் பட்டம் தேவையில்லை. மதிலின் ஒருபுறம் மண் உயர்ந்திருந்தால், மழைநீர் அம்மண்ணில் ஊறி அதன் கனத்தைக் கூட்டும். தேங்கிய நீரும் சுவரைத் தள்ளும். இதற்காகவே நல்ல கொத்தனார் சுவரின் அடியில் நீர் வடியும் துளைகளை விடுவார். அத்துளைகள் இல்லாவிடினும், இருந்து அடைபட்டுப் போயினும் அழுத்தம் முழுவதும் சுவரின்மேலேயே நிற்கும். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருத்தல், தூக்குக் குண்டு பிடித்தால் நேர்கோட்டிலிருந்து விலகியிருத்தல், படிக்கட்டுப் போல் ஏறிச் செல்லும் வெடிப்பு, இடுக்கில் வேரூன்றிய அரசங்கன்று: இவை கண்ணாற் காணத்தக்க அறிகுறிகள். அரசங்கன்றை வெட்டினாற் போதாது. வேர் உள்ளே இருக்குமாயின் மீண்டும் தழைக்கும்.

சுவரைப் போல் ஓசையுடன் விழாத ஆபத்தும் உண்டு. 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் கொசு வளரும் நீரை மனையில் தேங்கவிடுதலைத் தடுக்கிறது. நீரில் கொசுப்புழு காணப்படுவதே கொசு உற்பத்திக்குச் சான்றாகும் என்றும் அது கூறுகிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் நிற்கும் நீரே போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். ஆதலின் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டித் தொட்டியைத் தேய்த்துக் கழுவினால் அச்சுழற்சி அறுபடும். தேய்த்தல் இன்றியமையாதது. பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டிய முட்டைகள் நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும்.

2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோதும் இதே முறை கையாளப்பட்டது. அமைக்கத் தவறினால் நகராட்சி அமைத்துச் செலவை வரிபோல் வசூலிக்கலாம். குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம். ஆனால் ஒருமுறை அமைத்துவிட்டு மறந்த குழிகள் பல, மணல் தூர்ந்து பயனற்றுப் போயின. விதிக்கு அமைப்பைக் காட்டி முடித்தோம். மழைக்கு ஆண்டுதோறும் காட்ட வேண்டும் என்பதை மறந்தோம்.

அதிகாரிக்கும் வரம்பு உண்டு. சட்டத்தின் வழியன்றி எவருடைய சொத்தையும் பறித்தலாகாது என்று அரசியலமைப்பின் 300-ஏ பிரிவு கூறுகிறது. முன்னறிவிப்பின்றி வீடுகள் இடிக்கப்படுவது குறித்து 2024 நவம்பர் 13-இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், இடிப்பதற்கு முன் 15 நாள் அறிவிப்புத் தரவேண்டும் என்றும், உடையவர் தம் பக்கத்தை எடுத்துரைக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் பணித்தது. தெரு போன்ற பொது இடங்களில் எழுப்பப்பட்ட ஆக்கிரமிப்புகளுக்கு இக்காப்பு பொருந்தாது. சுவருக்குக் கீழே வாழ்பவரைக் காக்கும் அதே அறிவிப்பே சுவருக்கு உடையவரையும் காக்கிறது.

அறிவிப்பு பிறப்பதற்கு யாரேனும் ஒருவர் எழுத வேண்டும். உங்கள் தெருவில் அத்தகைய சுவர் இருந்தால், ஊரில் பெரியவர் ஒருவரிடம் சொல்லி விண்ணப்பம் எழுதத் துணை நில்லுங்கள். நகராட்சி ஆணையருக்கோ, சிற்றூராயின் ஊராட்சிக்கோ முகவரியிடலாம். "சுவர் மோசமாக உள்ளது" என்று பொதுவாக எழுதுதல் பயன் தராது. கதவிலக்கம், தெருவின் பெயர், சுவரின் உயரம், சாயும் திசை, வெடிப்பு இருக்கும் இடம், அதன் அருகே உறங்குவோர் எத்தனை பேர் என்பவற்றைக் குறிப்பிடுக. படி ஒன்றை வைத்துக்கொண்டு, அலுவலக முத்திரையும் நாளும் இட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குக. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும்; விண்ணப்பம் ஆகஸ்டுக்குள் போய்ச் சேர்ந்தால் அறிவிப்புக்கும் தவணைக்கும் வேலைக்கும் காலம் இருக்கும்.