ஸ்கேன் கட்டணமும் ஸ்கேனைப் படிப்பவரும்

நோயுற்றவரின் நாடியைப் பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லி, நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டு மருந்தெழுதிய காலம் ஒன்று இருந்தது. இன்றோ, "ஒரு ஸ்கேன் எடுத்து வாருங்கள்" என்ற சொல்லை ஒருமுறையேனும் கேளாத குடும்பம் அரிது. அச்சொல் காதில் விழுந்தவுடன் நம் மனத்தில் எழுவது, "எவ்வளவு ஆகும்?" என்னும் கேள்வியே. அது தேவையான கேள்விதான். ஆயினும் அதனோடு சேர்த்துக் கேட்க வேண்டிய வேறொரு கேள்வியும் உண்டு. "எடுத்த படத்தைப் படிப்பவர் யார்?" என்பதே அது. இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்கப் பழகுவது நம் குடும்பங்களுக்கு நன்மை தரும் எனக் கருதியே இதனை எழுதுகிறோம்.

படம் பிறந்த கதை

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜென் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. மனித குலம் முழுவதும் அதனால் பயன்பெற வேண்டும் என்பதே அவரது எண்ணம்.

1971-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள், இலண்டன் மாநகரின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியால் ஒரு நோயாளிக்கு முதன்முதலாக சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. இது எக்ஸ் கதிர்களைக் கொண்டே உடலைத் துண்டு துண்டாகக் காட்டுவது. பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எக்ஸ் கதிர் இல்லை. வலிய காந்தமும் வானொலி அலைகளுமே அங்கு வேலை செய்கின்றன. கருவுற்ற தாய்மார் நன்கறிந்த அல்ட்ராசவுண்டு ஸ்கேன் ஒலி அலைகளால் ஆவது.

விலை வேறுபடுவது ஏன்?

ஒரே நகரில், ஒரே தெருவில் உள்ள இரண்டு நிலையங்களில் ஒரே ஸ்கேனுக்கு இருவேறு கட்டணம் கேட்கக் காண்கிறோம். இவ்வேறுபாட்டில் நியாயமான பகுதியும் உண்டு. நியாயமற்ற பகுதியும் உண்டு.

எம்.ஆர்.ஐ. கருவியின் காந்த வலிமையை டெஸ்லா என்னும் அலகால் அளப்பர். 1.5 டெஸ்லா கருவியைவிட 3 டெஸ்லா கருவி விலை மிகுந்தது. எனவே கட்டணமும் கூடும். ஆனால் எல்லா நோய்க்கும் பெரிய கருவி வேண்டும் என்பதில்லை. படம் தெளிவாகத் தெரியும்பொருட்டு நரம்பில் மருந்து செலுத்தி எடுப்பதாயின், மருந்தின் விலை சேரும். உடலின் ஒரு பகுதிக்குப் பதில் இரண்டைப் படமெடுத்தாலும், நள்ளிரவில் அவசரமாக எடுத்தாலும் செலவு ஏறும். படத்தைப் படித்து அறிக்கை எழுதும் மருத்துவரின் ஊதியமும் அக்கட்டணத்தில் அடங்கியதே.

நியாயமற்ற பகுதி எது? நோயாளியை அனுப்பியவருக்கு ஸ்கேன் நிலையம் கொடுக்கும் தரகுத் தொகையே. இந்திய மருத்துவக் கழகம் 2002-இல் வகுத்த நன்னடத்தை விதிகள், நோயாளியை அனுப்புவதற்காகக் கமிஷன் கொடுப்பதையும் பெறுவதையும் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. விதி இருந்தும் வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தும் ஏழையின் தலையிலன்றோ அத்தொகை விழுகிறது!

குறைந்த செலவில் வழியில்லையா என்றால், உண்டு. 1994-இல் அமைக்கப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் நிலையங்களை நடத்தி வருகிறது. அங்கே சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு 2,500 ரூபாய் என்ற அளவிலேயே பல ஆண்டுகள் கட்டணம் இருந்து வந்துள்ளது. தனியார் நிலையங்களில் இதனைப் போல் பன்மடங்கு கேட்பதுண்டு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்போர், தங்களுக்கு வேண்டிய பரிசோதனை அத்திட்டத்தில் அடங்குமா என முன்கூட்டியே விசாரித்தல் நன்று.

படிக்க வேண்டியவர் யார்?

படம் எடுப்பவர் வேறு, படிப்பவர் வேறு. கருவியை இயக்கிப் படமெடுப்பவர் அதற்கெனப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர். படத்தைப் படித்து அறிக்கை எழுத வேண்டியவர் ரேடியாலஜிஸ்ட் எனப்படும் கதிரியல் மருத்துவர். அவர் எம்.பி.பி.எஸ். முடித்தபின், இத்துறையிலேயே பட்ட மேற்படிப்போ பட்டயப் படிப்போ முடித்தவர்.

"எங்கள் எலும்பு மருத்துவரே படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறாரே!" எனச் சிலர் கேட்கலாம். அதுவும் தேவையே. நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர் அவர். வலி எங்கே, எத்தனை நாளாக என்பதை அறிந்தவர் அவர். ஆனால் முதுகெலும்பைத் தேடிப் பார்ப்பவரின் கண், படத்தின் ஓரத்தில் தெரியும் சிறுநீரகக் கட்டியைக் காணாது விடக்கூடும். படத்தின் மூலை முடுக்கெல்லாம் முறையாக நோக்குவது கதிரியல் மருத்துவரின் பயிற்சி. அவருக்கோ நோயாளியைப் பற்றித் தெரிந்தது சீட்டில் எழுதியுள்ள ஒரு வரி மட்டுமே. ஆதலால், ஒருவர் படித்து எழுத, மற்றவர் நோயாளியின் நிலையோடு அதனைப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் இருவரும் பேசிக்கொள்ள வேண்டும். இவ்விருவரில் எவர் இல்லாதுபோனாலும் குறையே.

இக்காலத்தில் படம் ஓரூரில் எடுக்கப்பட்டு, அறிக்கை வேறோரூரிலிருந்து வருவதும் உண்டு. படிப்பைக் கணினியே செய்து குறிப்புத் தரும் முறையும் வந்துள்ளது. இவை நல்ல துணைகள். ஆயினும் அறிக்கையின் கீழே தகுதி பெற்ற ஒரு மருத்துவரின் பெயரும் பட்டமும் பதிவெண்ணும் கையொப்பமும் இருத்தல் வேண்டும். பொறுப்பேற்கும் மனிதர் ஒருவர் இல்லாத அறிக்கை வெறும் காகிதமே.

நாம் செய்யத் தக்கவை

முதலாவதாக, "இந்த ஸ்கேன் எதைக் கண்டறிய? இதன் முடிவால் சிகிச்சை மாறுமா?" என மருத்துவரைப் பணிவுடன் கேட்போம். ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர் அக்கறையற்றவர் அல்லர். வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேனில் உடல் ஏற்கும் கதிர்வீச்சு, மார்பு எக்ஸ்ரே ஒன்றைப் போல் பல மடங்காகும். நாமே வற்புறுத்தி எடுக்கச் சொல்வது அறிவுடைமை ஆகாது.

இரண்டாவதாக, கட்டணத்தை இரண்டு மூன்று இடங்களில் விசாரிப்போம். மருந்துச் செலவும் அறிக்கையும் அதில் அடங்குமா, அறிக்கை எழுதுபவர் யார் என்பதையும் உடன் கேட்போம். உயிருக்கு ஆபத்தான வேளையில் விலை விசாரித்து நேரம் கடத்தலாகாது.

மூன்றாவதாக, பழைய பிலிம்களையும் குறுந்தகடுகளையும் அறிக்கைகளையும் ஒரே உறையில் பத்திரப்படுத்துவோம். பிலிமைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் நுண்ணிய விவரங்கள் மறைந்துபோகும். சென்ற ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டே, கட்டி வளர்கிறதா நிற்கிறதா என்பது அறியப்படுகிறது. பழைய படம் கையிலிருந்தால் புதிய ஸ்கேன் ஒன்றே தேவையற்றதாகலாம். மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பதும் மேற்சொன்ன 2002-ஆம் ஆண்டு விதிகளில் உள்ளதே.

அறிக்கையின் ஒரு சொல்லைக் கண்டு அஞ்சி, இரவெல்லாம் உறங்காதிருக்கும் பெற்றோர் பலர். வயது ஏறுந்தோறும் முதுகெலும்பில் தேய்மானம் பலருக்குத் தெரிவது இயல்பு. வலியே இல்லாதவர் படத்திலும் அது தெரியும். எனவே அறிக்கையை நாமே படித்து முடிவு கட்டாமல், சிகிச்சை தரும் மருத்துவரிடம் கொண்டு செல்வோம்.

மலிவாக எடுத்து, தகுதியற்றவர் படித்த படம், மீண்டும் எடுக்க நேர்ந்தால் இருமடங்கு செலவாகிறது. மிகுந்த கட்டணம் செலுத்தியதாலேயே அறிக்கை சரியாகிவிடுவதும் இல்லை. வீட்டில் அடுத்த முறை ஸ்கேன் சீட்டு வரும்போது, கட்டணத்தைக் கேட்கும் அதே வாயால், படிப்பவர் யார் என்பதையும் தயங்காமல் கேட்போமாக.