தறிக்கொட்டகையின் சுவர்கள்

கணினி விளையாட்டுகளை இயற்றுவோர் இக்காலத்தில் ஒரு விஷயத்தில் மிகுந்த சிரத்தை காட்டுகின்றனர். மாய வீரன் கருங்கல் தளத்தில் நடந்தால் ஒரு சப்தம், மரப்பலகையில் நடந்தால் வேறொரு சப்தம், கம்பளத்தின்மேல் நடந்தால் ஓசை அடங்கிவிட வேண்டும். இதன்பொருட்டு ஒவ்வொரு சுவரும் ஓசையில் எத்தனை பங்கை விழுங்கும், எத்தனை பங்கைத் திருப்பியெறியும் என்று கணித்து வைக்கின்றனர். இல்லாத சுவருக்கு இவ்வளவு கணக்கு! குன்னத்தூரிலும் திருப்பூரைச் சூழ்ந்த பிற ஊர்களிலும் மெய்யாகவே நிற்கும் சுவர்களுக்கு நடுவே உழைப்போரின் செவிக்குக் கணக்குப் பார்ப்பவர் யார் என்று கேட்கிறோம்.

இச்சாஸ்திரம் புதிதன்று. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஒரு பிரசங்க மண்டபத்திலே பேசுவோர் சொல் விளங்காதிருந்தது. எழுந்த ஓசை சுமார் 5½ விநாடி நின்று, அடுத்த சொற்களோடு கலந்து குழம்பிற்று. வாலஸ் ஸாபின் என்னும் பௌதிக ஆசிரியர் நாடகசாலையின் மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, அவை பெருகப் பெருக ஓசை விரைந்து அடங்குவதை அளந்து காட்டினார். காரை பூசிய செங்கற்சுவர் தன்மேல் படும் ஓசையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்குமேல் விழுங்குவதில்லை. மடிப்பாகத் தொங்கும் கனத்த துணியோ நடுத்தர ஸ்வரங்களில் ஏறக்குறைய பாதியை விழுங்கிவிடும்.

இனி நமது கொட்டகைகளைப் பார்ப்போம். மண்தரையும் ஓலைக்கூரையும் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரையும் தகரக்கூரையும் வந்துவிட்டன. குழித்தறி இருந்த இடத்தில் விசைத்தறி ஓடுகிறது. நாடா பாயும் விசைத்தறிகளின் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். அதைத் தகரமும் சிமெண்டும் மீண்டும் தொழிலாளியின் மேலேயே எறிகின்றன. உட்செவியின் நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது உயர்ந்த ஸ்வரங்களே. ஆதலால் குரல் கேட்கும், சொல் விளங்காது. இரைச்சலால் நேரும் செவிக்கேட்டைத் தொழிற்சாலைச் சட்டமே அறிவிக்கத்தக்க நோய்களின் அட்டவணையில் சேர்த்தது.

பரிகாரம் உண்டா? உண்டு, ஆனால் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். கொட்டகையின் உறிஞ்சும் சக்தியைப் பதின்மடங்காக்கினாலும் எதிரொலி 10 டெசிபெல்தான் குறையும். தறியிலிருந்து நேரே செவிக்கு வரும் ஓசையை அது தடுக்காது. எனவே செவியடைப்பானும், இயந்திரத்தைப் பழுதின்றி வைத்தலும் கூடவே வேண்டும். துணியைச் சுவரோடு ஒட்டாமல் சற்று இடைவெளி விட்டுத் தொங்கவிட்டாலே பயன் மிகும். பஞ்சுத்தூசு பறக்கும் இடமாதலால் தீப்பற்றாதபடி பதம் செய்யப்பட்ட பொருளே ஆகும்.

செலவாகுமே என்பர் முதலாளிகள். உலகத்துக்கெல்லாம் துணி கொடுக்கும் நாட்டில், ஓசையை விழுங்கத்தக்க துணி தன் சுவருக்கு மட்டும் கிடைக்காதென்பது நகைப்புக்கிடமானது. தேசத்தொண்டர்களுக்கும் ஒன்று சொல்வோம். கூலி உயர்வு கேட்கும் மகஜரில் கூரையையும் சுவரையும் சேர்த்துக் கேளுங்கள். செவி கெட்ட தொழிலாளிக்கு உங்கள் பிரசங்கம் எட்டாது. தன் குழந்தையின் மழலையும் எட்டாது.