முள் முளைத்த வாத்து

பிள்ளைகளுக்கெனப் பாட்டுப் புத்தகம் வாங்கச் செல்லும் பெற்றோராகிய நாம், அதில் என்ன நீதி புகட்டப்பட்டுள்ளது என்றே முதற்கண் தேடுகிறோம். நீதி தென்படவில்லையெனில் புத்தகம் இருந்த இடத்திற்கே திரும்பிவிடும். நம் கையில் ‘ஆபோல் தாபோல்’ என்னும் வங்க நூல் கிடைத்தால் என் செய்வோமோ! பொருளற்ற பிதற்றல் என்பதே அப்பெயரின் பொருள்.

இதனை இயற்றியவர் கல்கத்தாவைச் சேர்ந்த சுகுமார் ராய். இங்கிலாந்தில் அச்சுக்கலையும் புகைப்படக்கலையும் பயின்று திரும்பியவர். இவருடைய தந்தை உபேந்திரகிசோர் 1913-இல் ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் திங்களிதழைத் தொடங்கினார். 1915-இல் அவர் மறைந்தபின் மகனே அதன் ஆசிரியரானார். அவ்விதழில் வேடிக்கைப் பாட்டுகளை எழுதியதோடு, அவற்றுக்குரிய படங்களையும் தாமே வரைந்தார்.

அவற்றுள் ஒன்றில் வாத்தின் பெயரும் முள்ளம்பன்றியின் பெயரும் ஒட்டி ஒரே பெயராகின்றன. பெயர் ஒட்டவே உடலும் ஒட்டிவிடுகிறது. செவியால் மட்டும் கேட்கும் குழந்தை சற்றே திகைக்கும். அருகிலுள்ள படத்தில் முதுகெல்லாம் முள்ளாக நிற்கும் வாத்தைக் கண்டதும் வீடு அதிரச் சிரிக்கும். பாட்டில் பாதி படத்தில் அன்றோ இருக்கிறது! எனவே இத்தகைய நூலைப் பிள்ளையின் கையில் திணித்து, “போய்ப் படி” என்று அனுப்பிவிடலாகாது. மடியில் இருத்தி நாம் உரக்கப் படிக்கவேண்டும். பிள்ளை படத்தில் விரல் வைத்துத் தேடவேண்டும். முடிந்ததும், “இதிலிருந்து என்ன கற்றாய்?” என்று வினவாதிருப்பது பெரும் உபகாரம். சிரிப்பதற்கே தடையுள்ள குஞ்சுகளைப் பற்றியும் சுகுமார் ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். நம்முள் சிலரின் வீடுகளை அவர் எட்டிப் பார்த்தாரோ என்னவோ!

இத்தனை சிரிப்பையும் நூலாகத் தொகுத்தவர் நோயாளி என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. 1921-இல் அவருக்கு ஒரே மகன் பிறந்தான். அவ்வாண்டிலேயே காலா-அசார் என்னும் கொடிய காய்ச்சல் அவரைப் பற்றிக்கொண்டது. படுக்கையில் இருந்தவாறே பாட்டுகளைத் தேர்ந்து, எப்பக்கத்தில் எப்படம் வரவேண்டும் என்பதையும் வகுத்தார். 1923 செப்டம்பர் 10-ஆம் நாள், தம் முப்பத்தைந்தாம் வயதில் கண்மூடினார். ஒன்பது நாள் கழித்தே நூல் வெளிவந்தது. மகனுக்கு அப்போது வயது இரண்டரைகூட நிரம்பவில்லை. தந்தையின் மடியில் அமர்ந்து அதைக் கேட்கும் பேறு அவனுக்கு வாய்க்கவில்லை. அம்மகனே பின்னாளில் உலகறிந்த திரைப்பட மேதை சத்யஜித் ராய். நின்றுபோயிருந்த ‘சந்தேஷ்’ இதழை அவர் 1961-இல் நண்பர் ஒருவருடன் மீண்டும் தொடங்கினார்; அதற்குப் படங்களும் வரைந்தார். 1987-இல் தந்தையைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார்.

வங்கச் சொற்களின் குறும்பை மொழிபெயர்ப்பது அரிது. ஆயினும் விளையாட்டு தமிழுக்கும் இசையும். நாமும் ஒரு மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்து முயன்றோம். ஆமையையும் மைனாவையும் சேர்த்தபோது ‘ஆமைனா’ கிடைத்தது! பெரியவன் நான்கு வரி கட்டினான். சிறியவள் ஓட்டின்மேல் சிறகு வரைந்தாள். வரைந்து முடித்தவள் நிமிர்ந்து, “இது மெதுவாகத்தான் பறக்குமா?” என்று கேட்டாள்.