காரைப் படிக்க எந்த லேப்டாப்? முதலில் கேபிளைப் பாருங்கள்

இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த ஆண்டு மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி நின்றது. ஆனால் அங்கே தயாரான எக்கோஸ்போர்ட்டும் எண்டேவரும் இன்னும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஷோரூம்கள் மூடப்பட்ட பிறகு, இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கும் அவற்றைப் பார்க்கும் தனியார் மெக்கானிக்குகளுக்கும் பெரிய துணையாக இருப்பது ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள். அது ஃபோர்டு நிறுவனம் எழுதியதல்ல, வெளியாட்கள் எழுதியது. டாஷ்போர்டில் விளக்கு ஏன் எரிகிறது, ஏபிஎஸ் யூனிட்டுக்கு எந்தச் சக்கரத்தின் சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை, டீசல் வண்டியின் டிபிஎஃப் வடிகட்டியில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்றெல்லாம் அது சொல்லும். ஆனால் அதன் முழு வடிவம் விண்டோஸில்தான் ஓடும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களுக்கான விசிடிஎஸ், பிஎம்டபிள்யூவுக்கான இஸ்டா, டொயோட்டாவுக்கான டெக்ஸ்ட்ரீம் எல்லாவற்றிலும் இதே நிலைமைதான். கையில் இருப்பது புது மேக்புக்காகவோ லினக்ஸ் போட்ட லேப்டாப்பாகவோ இருந்தால் என்ன செய்வது?

“பேசாமல் ஒரு விண்டோஸ் லேப்டாப் வாங்கிவிடுங்கள்” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் யோசனை. அது சரியாக இருக்கும் இடமும் உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அந்த யோசனை தவறாகச் சொல்கிறது. இரண்டு லேப்டாப்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2024 முதல் விற்பனைக்கு வந்திருக்கும் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப். அதில் இருப்பது அசல் விண்டோஸ் 11. ஆனாலும் காரையும் லேப்டாப்பையும் இணைக்க, சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கேபிளைச் செருகினால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்து நிற்கக்கூடும். மென்பொருள் ஒழுங்காகத் திறக்கும், மெனுக்கள் எல்லாம் தெரியும், ஆனால் கேபிள் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும். மற்றொன்று, லினக்ஸ் போட்ட சாதாரண இன்டெல் லேப்டாப். அதில் வெர்ச்சுவல்பாக்ஸ் உருவாக்கும் வெர்ச்சுவல் மெஷினுக்குள் (கணினிக்குள் இயங்கும் கற்பனைக் கணினி) விண்டோஸை நிறுவி, யுஎஸ்பி கேபிளை அதற்கு ஒதுக்கிக் கொடுத்தால் அதே கேபிள் பெரும்பாலும் வேலை செய்துவிடும். விண்டோஸ் லேப்டாப்பில் ஓடாதது லினக்ஸ் லேப்டாப்பில் ஓடுகிறது என்றால், சிக்கல் எந்த ஓஎஸ் என்பதில் இல்லை. கேபிளை இயக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருளில் இருக்கிறது.

மேக்கில் இந்தச் சிக்கல் வந்தது 2020-ல் நடந்த மாற்றத்தால். அதுவரை மேக்கில் இருந்தது இன்டெல் சிப். 2006-லிருந்தே பூட் கேம்ப் மூலம் மேக்கை நேரடியாக விண்டோஸ் கணினியாகத் திறக்க முடிந்ததால், கார் மென்பொருளை ஓட்டுவதும் சிரமமாக இருக்கவில்லை. 2020 நவம்பரில் எம்1 சிப் வந்தது. அதுவும் ஸ்னாப்டிராகனைப் போல ஆர்ம் வகைச் சிப் என்பதால் பூட் கேம்ப் அதில் கிடையாது. 2023 பிப்ரவரியில், பேரலல்ஸ் என்ற வெர்ச்சுவல் மெஷின் மென்பொருள் வழியாக ஆர்ம் வகை விண்டோஸ் 11-ஐ மேக்கில் ஓட்ட மைக்ரோசாஃப்ட் அதிகாரப்பூர்வமாக அனுமதி தந்தது. அதே வேலையைச் செய்யும் விஎம்வேர் ஃபியூஷனும் 2024-லிருந்து இலவசம். இந்த ஆர்ம் விண்டோஸ், இன்டெல் சிப்புக்காக எழுதிய புரோகிராம்களை ஓடும்போதே மொழிபெயர்த்து ஓட்டிக்கொள்ளும். 32-பிட் புரோகிராமும் ஓடும், 64-பிட்டும் ஓடும். கார் மென்பொருள்கள் பொதுவாகக் கனமான கணக்குப் போடுபவை அல்ல என்பதால் வேகக் குறைவு பெரிதாகத் தெரியாது. ஆனால் இந்த மொழிபெயர்ப்பு டிரைவருக்குக் கிடையாது. டிரைவர் விண்டோஸின் கருவுக்குள், கெர்னல் என்ற அடுக்கில் இயங்குகிறது. அங்கே ஆர்ம் சிப்புக்கென்றே தயாரித்த டிரைவர் மட்டுமே ஏறும். கேபிள் தயாரித்தவர் அப்படி ஒன்றை வெளியிடவில்லை என்றால் எந்த அமைப்பை மாற்றினாலும் பலன் இல்லை.

எனவே பார்க்க வேண்டியது கேபிளுக்குள் இருக்கும் சிப்பை. கார் கேபிள்கள் பலவற்றில் இருப்பது ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப். அதற்கு ஆர்ம் விண்டோஸ் டிரைவர் உண்டு. மேக்ஓஎஸ்ஸிலேயே அதற்கான டிரைவர் உள்ளடங்கியும் இருக்கிறது. இந்தச் சிப் உள்ள கேபிளைக் கணினி ஒரு சாதாரண காம் போர்ட்டாகப் பார்க்கும். ஃபோர்ஸ்கேனுக்கு அந்தக் காம் போர்ட்டே போதும். அதனால் விண்டோஸே இல்லாமல், விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் ஒயின் அல்லது கிராஸ்ஓவர் வழியாக மேக்கிலோ லினக்ஸிலோ அதை ஓட்டும் வழியும் திறக்கிறது. மேக்கில் அந்த வழிக்கு ஆயுள் குறைவு. கிராஸ்ஓவர் சார்ந்திருக்கும், இன்டெல் புரோகிராம்களை மொழிபெயர்க்கும் ரோசெட்டாவை, மேக்ஓஎஸ் 27 வரைதான் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கப்போவதாக ஆப்பிள் 2025-ல் அறிவித்துவிட்டது. தங்களுக்கென்று தனி டிரைவர் எழுதிக்கொண்ட கேபிள்கள்தான் இந்த வழிகளில் எல்லாம் மாட்டிக்கொள்கின்றன.

மலிவான நகல் கேபிள்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அவற்றில் பல, எஃப்டிடிஐ சிப்பின் போலிகளைக் கொண்டவை. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைச் சுழியமாக்கிவிட்டது. உலகம் முழுக்க நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கருவிகள் ஒரே நாளில் கணினிக்கு அடையாளம் தெரியாதவையாகின. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் ஒரு கேபிளின் ஆயுள் அதற்குள் இருக்கும் சிப் அசலா என்பதைப் பொறுத்தது என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது. நகல் கேபிளோடு வரும் திருட்டு மென்பொருளும் இதே வகைதான். குறிப்பிட்ட பழைய பதிப்பு, குறிப்பிட்ட பழைய டிரைவர், அப்டேட் செய்யாதே என்ற எச்சரிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தே வரும். புதிய லேப்டாப்பில் அது ஓடவில்லை என்று அலைபவர்களுக்கு நேர்மையான பதில் ஒன்றே ஒன்று: அசல் கேபிளையும் அசல் மென்பொருளையும் வாங்குங்கள்.

டிரைவர் தொல்லையே இல்லாத இணைப்பும் உண்டு. வைஃபை அடாப்டர் யுஎஸ்பியைத் தொடுவதே இல்லை. லேப்டாப் அதன் வைஃபையில் இணைந்துகொண்டு ஓர் ஐபி முகவரியோடு பேசும். வெர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் விண்டோஸுக்கும் அது வெறும் நெட்வொர்க்தான். 2008-ல் தொடங்கிய எஃப் வரிசை பிஎம்டபிள்யூ கார்களில் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்கிறது: ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டிலிருந்து நேரே ஈதர்நெட் கேபிள் எடுக்கலாம். கார் தன் முகவரியைத் தானே எடுத்துக்கொண்டு நெட்வொர்க்கில் தன்னை அறிவிக்கும். வெர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க்கை பிரிட்ஜ் முறையில் வைத்தால் அந்த அறிவிப்பு உள்ளே இருக்கும் விண்டோஸுக்குக் கேட்கும். அதற்குமேல் லேப்டாப்பில் எந்தச் சிப் இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. ப்ளூடூத் அடாப்டர்கள் இந்த அளவுக்குச் சுலபமல்ல. லேப்டாப்பின் ப்ளூடூத்தை வெர்ச்சுவல் மெஷினுக்குள் கொண்டுபோவதே தனி வேலை.

இவ்வளவு சிரமம் எதற்கு, போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டு மலிவான அடாப்டர் வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். சிலருக்குப் போதும். கார்களில் கேபிளையோ அடாப்டரையோ செருகும் 16 பின் சாக்கெட் புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்தது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயம். இந்தியாவில் இதற்கான ஓபிடி-2 விதி 2013 ஏப்ரலில் வந்தது. புகையோடு தொடர்புடைய கோளாறுகளை எந்த ஸ்கேனரும் படிக்க முடிய வேண்டும் என்பதே சட்டம். அதனால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பி0420 கோடை எந்த போன் ஆப்பும் காட்டிவிடும். ஏர்பேக், ஏபிஎஸ், ஏசி, கதவுப் பூட்டு எல்லாம் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருப்பவை. எக்கோஸ்போர்ட்டையே பார்ப்போம். அதே சாக்கெட்டில் 6, 14 ஆம் பின்களில் வேகமான கேன் இணைப்பு ஓடுகிறது, இன்ஜின் பேசுவது அதில். 3, 11 ஆம் பின்களில் மெதுவான இன்னொரு கேன் இணைப்பு இருக்கிறது, கேபினுக்குள் இருக்கும் சில யூனிட்டுகள் பேசுவது அதில். சாதாரண அடாப்டருக்கு இந்த இரண்டாவது இணைப்பே தெரியாது. டிபிஎஃப் வடிகட்டியை வண்டி நிற்கும்போதே எரித்துச் சுத்தம் செய்யவும், ஏபிஎஸ் யூனிட்டில் காற்றெடுக்கவும், கம்பெனியின் தனிக் கட்டளைகள் தெரிந்த மென்பொருள் வேண்டும். அது இன்னமும் விண்டோஸிலேயே இருக்கிறது.

விண்டோஸிலேயே இருப்பதற்கு ஒர்க்‌ஷாப் பழக்கம் மட்டும் காரணமல்ல. கார் கம்பெனியின் மென்பொருளும் வெளியார் தயாரிக்கும் கேபிளும் பேசிக்கொள்ள அமெரிக்காவின் எஸ்ஏஇ அமைப்பு வகுத்த ஜே2534 என்ற தரநிலை இருக்கிறது. எந்தக் கேபிளும் எந்தக் கம்பெனியின் மென்பொருளோடும் வேலை செய்ய வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்தது அது. ஆனால் அந்தத் தரநிலையே விண்டோஸின் 32-பிட் டிஎல்எல் கோப்பையும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியையும் அடிப்படையாக வைத்து எழுதப்பட்டது. கேபிளைக் கம்பெனியிடமிருந்து விடுவித்த விதி, மெக்கானிக்கை ஓர் ஓஎஸ்ஸோடு கட்டிப்போட்டது. காருக்கும் கணினிக்கும் நடுவில் இருப்பது ஒரு நெட்வொர்க் என்று தொடக்கத்திலேயே எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. வெர்ச்சுவல் மெஷினில் ஓடினாலும் அதை நம்பலாமா? காரோடு பேசுவதில் நேரம் முக்கியம். பழைய கார்களின் கே-லைன் இணைப்பு வினாடிக்கு 10,400 பிட் வேகத்தில்தான் பேசும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே மில்லிசெகண்ட் கணக்கில் எல்லை உண்டு. எஃப்டிடிஐ சிப், வரும் தகவலைச் சேர்த்துவைத்து அனுப்ப வழக்கமாக 16 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். பிஎம்டபிள்யூவின் பழைய மென்பொருள்களுக்கு இதை 1 மில்லிசெகண்டாகக் குறைத்துவைக்கச் சொல்வது அதனால்தான். அதன்மேல் மேக்கிலிருந்து வெர்ச்சுவல் மெஷினுக்கு யுஎஸ்பி கைமாறும் தாமதமும் சேர்ந்தால் இணைப்பு அறுந்துபோகலாம். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் எந்த வேலைக்கு அது பொருந்தும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கோளாறு கோடு படிப்பது, சென்சார் அளவுகளைப் பார்ப்பது, கோடை அழிப்பது போன்ற வேலைகளில் இணைப்பு அறுந்தால் திரும்ப இணைத்துக்கொள்ளலாம், வண்டிக்கு ஒன்றும் ஆகாது. இசியு என்ற கட்டுப்பாட்டு யூனிட்டுக்குள் இருக்கும் மென்பொருளையே அழித்துப் புதிதாக எழுதும் ஃபிளாஷிங் வேறு வகை. பழையதை அழித்தாயிற்று, புதியது பாதி ஏறியிருக்கிறது, அப்போது இணைப்பு அறுந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அந்த யூனிட்டைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் மீட்க வேண்டிவரும், சில நேரம் மாற்றவே வேண்டிவரும்.

ஃபிளாஷிங்குக்கு வெர்ச்சுவல் மெஷின் கூடாது, வைஃபை அடாப்டரும் கூடாது. பழைய விண்டோஸ் லேப்டாப் என்ற யோசனை சரியாக இருக்கும் இடம் இதுதான். இன்டெல் சிப், யுஎஸ்பி கேபிள், லேப்டாப்புக்குச் சார்ஜர், காரின் பேட்டரிக்குத் தனிச் சார்ஜர் என்று எல்லாம் கையில் இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதனால் மலிவாகக் கிடைக்கும் அந்தப் பழைய லேப்டாப்பைக் கார் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பேங்க் கணக்கு, மெயில் எதையும் அதில் திறக்காமல் இருப்பது நல்லது. ஆனால் வீட்டில் ஒரு கார் வைத்துக்கொண்டு, விளக்கு எரியும்போது காரணம் தெரிந்துகொள்ள நினைப்பவர் ஆண்டுக்கு எத்தனை முறை ஃபிளாஷ் செய்யப்போகிறார்? அவருக்காக இரண்டாவது கணினி என்பது தேவையில்லாத செலவு.

இது லேப்டாப் வைத்திருப்பவரின் வசதி பற்றிய விஷயம் மட்டுமல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும், கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பது அதில் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது. அபராதத்தின் மீது மேல்முறையீடுகள் நடந்தன. ஆனால் கருவி கிடைப்பது நுகர்வோரின் உரிமையோடு சேர்ந்ததா என்ற கேள்வி அன்றே பொதுவெளிக்கு வந்துவிட்டது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று ஒரு இணையதளத்தையும் தொடங்கியது. கருவி சந்தையில் கிடைத்தால் மட்டும் போதாது. மக்கள் இன்று வாங்கும் கணினியில் அது ஓடவும் வேண்டும். கேபிள் தயாரிப்பாளர்கள் ஆர்ம் டிரைவரை வெளியிடுவதும், கார் கம்பெனிகள் நெட்வொர்க் வழி இணைப்புக்கு மாறுவதும் செய்ய முடியாத வேலைகள் அல்ல. பிஎம்டபிள்யூ பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது, வாங்கும் வரிசையை மாற்றுவது. லேப்டாப் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். உங்கள் காருக்கு எந்த மென்பொருள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அது காம் போர்ட்டையோ நெட்வொர்க்கையோ ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். பிறகு கேபிள் விற்பவரிடம், உள்ளே இருப்பது எந்தச் சிப், அதற்கு ஆர்ம் விண்டோஸ் டிரைவர் உண்டா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அந்தக் கேபிளை வாங்காதீர்கள்.