குறட்டை திடீரென நின்றால் கவனியுங்கள்

உங்கள் வீட்டில் குறட்டை விடுபவர் யார் என்று கேட்டால், விரல் நீட்ட ஒருவராவது இருப்பார். ரிங்லெட் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு லயத்து வீட்டையும் அடுத்த வீட்டையும் பலகைச் சுவர் மட்டுமே பிரித்த நாட்களில், எந்த வீட்டுத் தாத்தா எப்போது தூங்கினார் என்பது அந்த வரிசைக்கே தெரிந்திருக்கும். "நல்லா அசந்து தூங்குறார்" என்பார்கள். "குளிர் ஊர், மூக்கடைப்பு" என்று காரணமும் சொல்வார்கள். மூக்கடைப்பு குறட்டையைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் குறட்டை அசந்த தூக்கத்தின் அடையாளம் என்பது சரியல்ல.

கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் ஐஸ் மைலோவை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய ஸ்ட்ராவில் உறிஞ்சினால் தடையின்றி வரும். அதே ஸ்ட்ராவைக் கடித்துக் கடித்து நசுக்கிவிட்டு உறிஞ்சிப் பாருங்கள். எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவுக்கு அது ஒட்டிக்கொள்ளும். நம் தொண்டையும் எலும்பு இல்லாத, மென்மையான குழாய்தான். விழித்திருக்கும்போது தசைகள் அதை விரித்துப் பிடிக்கின்றன. தூங்கியதும் தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரிகிறது. குறுகிய வழியில் வேகமாகச் செல்லும் காற்று மென்னண்ணத்தையும் உள்நாக்கையும் கொடிபோல் படபடக்க வைக்கிறது. அந்தச் சத்தம்தான் குறட்டை. வெறும் குறட்டையால் பக்கத்தில் படுத்திருப்பவரின் தூக்கம் கெடுவதோடு பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும்.

குழாய் முழுவதும் ஒட்டிக்கொண்டால்தான் சிக்கல். நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்கப் போராடும். காற்று உள்ளே போகாது. குறட்டைச் சத்தமும் நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர் 'அப்பாடா' என்று நிம்மதி அடையும் நேரம் அதுதான்! இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, கரியமில வாயு கூடுகிறது. மூளை அபாய மணி அடித்து ஓரிரு விநாடிகள் அவரை எழுப்புகிறது. ஒரு திணறல், ஒரு பெரிய மூச்சு, மறுபடியும் குறட்டை. இதுவே ஸ்லீப் அப்னியா. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால், அல்லது ஆக்சிஜன் இறங்கும் அளவுக்குக் குறைந்தால், அதை ஒரு தடவை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். பெரியவர்களுக்கு மணிக்கு 5 தடவைக்குக் கீழ் என்றால் கவலையில்லை. 30-ஐத் தொட்டால் கடுமையானது. அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூளை விழிக்கிறது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் உடம்புக்குத் தூக்கம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு விழிப்பிலும் இரத்த அழுத்தம் எகிறுவதால், ஆண்டுக் கணக்கில் இப்படியே போனால் உயர் இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான அபாயம் கூடுகிறது. இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமானபோது, மருத்துவமனை சொன்ன காரணங்களில் இந்தப் பெயரும் இருந்தது.

பகல் தூக்கம் இன்னும் உடனடியான ஆபத்து. 2013 டிசம்பர் 1-ஆம் தேதி காலை, நியூயார்க்கில் ஒரு பயணிகள் ரயில், மணிக்கு 48 கிலோமீட்டரில் திரும்ப வேண்டிய வளைவில் 132 கிலோமீட்டர் வேகத்தில் புகுந்து தடம் புரண்டது. நான்கு பேர் மாண்டனர். ஓட்டுநருக்குக் கடுமையான ஸ்லீப் அப்னியா இருந்தது விபத்துக்குப் பிறகு நடந்த பரிசோதனையில்தான் தெரிந்தது. அதுவரை அவருக்கே தெரியாது. நம் ஊரிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இரவில் தாப்பாவுக்கு இறங்கும் லோரிகளை எண்ணிப் பாருங்கள். அந்தச் சாலையில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. உங்கள் வீட்டில் லோரியோ பேருந்தோ ஓட்டுபவர் இருந்தால், அவருடைய குறட்டையைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள்.

எழுந்ததும் தலைவலி, வாய் வறட்சி, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, காரணமில்லாத எரிச்சல், தொலைக்காட்சி முன் உட்கார்ந்த உடனே கண் சொருகுவது ஆகியவை மற்ற அறிகுறிகள். கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலும், வயது 50-ஐத் தாண்டினாலும் வாய்ப்பு அதிகம். ஒல்லியானவர்கள் தப்பித்தோம் என்று இருக்க வேண்டாம். கீழ்த்தாடை சிறிதாக இருந்தாலும் வரும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு அபாயம் கூடுகிறது. அவர்கள் குறட்டையைச் சொல்வதில்லை, 'ஒரே அசதி' என்றுதான் சொல்வார்கள்.

வகுப்பில் ஒரு மாணவன் தூங்கி விழுந்தால், "ராத்திரி முழுக்கக் கைப்பேசியா?" என்றுதான் நானும் கேட்பேன். பெரும்பாலும் அதுவே காரணம். ஆனால் பிள்ளைகளுக்கும் ஸ்லீப் அப்னியா வரும் என்று படித்த பிறகு, பெற்றோரிடம் இன்னொரு கேள்வியும் கேட்கிறேன்: தூங்கும்போது வாய் திறந்திருக்கிறதா? சிறு பிள்ளைகளுக்குப் பொதுவாகத் தொண்டைச் சதையும் மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் வீங்கி வழியை அடைக்கின்றன. விசித்திரம் என்னவென்றால், தூக்கம் கெட்ட பிள்ளை சோர்ந்து உட்காராமல் துறுதுறுவென்று ஓடும், ஒன்றில் மனம் நிற்காது. படுக்கையை நனைப்பதும் உண்டு. 'குறும்புக்காரன்' என்று பெயர் வாங்கிவிடும். பலருக்குச் சதையை அகற்றும் அறுவைச் சிகிச்சையே போதும்.

பெரியவர்களுக்கு எடை குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும் உதவும். இரவில் மதுவும், மருத்துவரைக் கேட்காமல் போடும் தூக்க மாத்திரையும் தசைகளை மேலும் தளர்த்திவிடும். கடுமையானவர்களுக்கு 'சிபேப்' கருவி உண்டு. 1981-இல் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தியது. முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றை ஊதி, தொண்டை ஒட்டாமல் விரித்து வைக்கும். 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தமே பலருக்குப் போதும். மாட்டியிருக்கும்வரைதான் பலன், பழகவும் கொஞ்ச நாள் பிடிக்கும்.

இன்றிரவு கைப்பேசியில் அவருடைய குறட்டையைச் சில நிமிடங்கள் பதிவு செய்யுங்கள். நடுவில் சத்தம் அறுந்து, பிறகு திணறலோடு தொடங்குகிறதா என்று கேளுங்கள். அப்படியென்றால் அந்தப் பதிவோடு அரசாங்கக் கிளினிக்குக்கோ தானா ராத்தா மருத்துவமனைக்கோ செல்லுங்கள். தேவையென்றால் தூக்கப் பரிசோதனைக்குப் பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். கோவிட் காலத்தில் விரலில் மாட்டிய அதே ஆக்சிஜன் மானியோடு, மூச்சையும் துடிப்பையும் ஓர் இரவு முழுக்க அளப்பார்கள், வலியில்லை. மருத்துவரிடம் நீங்களும் கூடவே போங்கள். தூங்கியவருக்கு எதுவும் தெரியாது, கேட்டவர் நீங்கள்தான்.